வியாழக்கிழமைக்காரி

வெர்னீஸ் டாலிவருக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள வாரத்தில் ஒரு நாள்தான் இருந்தது. மற்ற ஆறு நாளும் நியூயார்க்குக்கு வெளியே லார்ச்மான்ட்டில் விட்லாக் அம்மாள் வீட்டில் தங்கி வேலை. சமையல், துணி, வெள்ளிப் பாத்திரங்களுக்குப் பளபளப்பு, நாய்க்குக் குளியல். எட்டு வருஷமாக அதே வீடு, சமையலறைக்குப் பின்னால் அதே அறை. வயது முப்பத்தேழு ஆகியிருந்தது. தெற்கு கெரோலினாவிலிருந்து புறப்பட்டபோது நியூயார்க்கில் வாழப்போகிறோம் என்றுதான் நினைத்திருந்தாள். நியூயார்க் அவளுக்கு வியாழக்கிழமை மட்டும் கிடைத்தது.

விட்லாக் அம்மாள் கொடுமைக்காரி இல்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை, பழைய சோற்றைத் தலையில் கட்டியதில்லை. ஆனால் தொட்டதும் இல்லை. சம்பளத்தைக்கூடக் கையில் கொடுக்கமாட்டாள். சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். தபால்காரர் பெட்டியில் போடுவார், ரொட்டிக்காரர் வாசலில் வைப்பார். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அடுத்த வியாழன் மாலை வரை ஒரு மனிதக் கை தன் மேல் படுவதில்லை என்பதை வெர்னீஸ் ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த பிறகு அதை மறக்க முடியவில்லை.

வியாழன் வந்தால் கதையே வேறு. மதியப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஆடும் காலணிகளைக் காகிதப் பையில் சுற்றிக்கொண்டு இரண்டு மணி ரயிலைப் பிடிப்பாள். அடுத்த நிலையத்தில் ஆர்டீலியா ஏறுவாள். அவளுக்கும் அதே உத்தியோகம், அதே நாள் லீவு. அப்புறம் ஒவ்வொரு நிலையத்திலும் நாலு பேர், ஆறு பேர். நகரத்தைச் சுற்றியிருந்த பெரிய வீடுகளின் சமையல்காரிகளும் தாதிகளும் எல்லோருமே வியாழக்கிழமைதான் அவிழ்த்துவிடப்பட்டார்கள். நியூயார்க்கின் கறுப்பர்கள் பகுதியான ஹார்லெமில் அதற்கு 'அடுப்படி மெக்கானிக்குகள் நாள்' என்று பெயரே உண்டு. அன்றைக்கு மேக்னோலியா நடன மண்டபத்தில் எட்டு மணிக்குள் வரும் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு மேடை, இரண்டு வாத்தியக் குழு. ஒரு குழு மூச்சு வாங்க உட்காரும்போது அதே பாட்டின் கடைசி வரியை மற்றக் குழு பிடித்துக்கொள்ளும். இசைக்கு நடுவே ஒரு கொட்டாவி விடக்கூட இடம் இருக்காது.

அந்த மண்டபத்துக்கு ஒரு மரியாதை உண்டு. உள்ளே வந்தவரிடம் எங்கே வேலை, என்ன வேலை, எப்போது லீவு என்று யாரும் கேட்கமாட்டார்கள். வாரம் முழுக்க யாரோ ஒருவருக்கு 'சரிங்க அம்மா, சரிங்க ஐயா' சொல்லிவிட்டு வந்தவர்கள்தானே எல்லோரும். நல்ல உடுப்பில் நிற்கிற ஒருத்தியிடம் போய் 'யார் வீட்டுல தரை துடைக்கிற?' என்று கேட்பது அவள் பாவாடையைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். முழுப் பெயர்கூடக் கேட்பதில்லை. ஊர்ப் பெயர் போதும், இல்லாவிட்டால் ஒரு பட்டப்பெயர்.

லெம் என்பவனை அவள் அங்கேதான் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருஷம். நாற்பதைத் தொட்ட ஆள், ஒல்லி, முன்பக்கம் கொஞ்சம் வழுக்கை. அழகன் என்று ஆர்டீலியா சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் லிண்டி ஆடத் தொடங்கினால் அவன் கால்களில் எலும்பு இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். லிண்டி நடனம் ஹார்லெமில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஆண் பெண்ணைத் தன்னருகே சுற்றி இழுத்து, டிரம்ஸ் விழுகிற இடத்தில் கை நீளத்துக்கு வெளியே வீசி, மறுபடி இழுத்துக்கொள்வான். தெம்பு இருந்தால் யாரும் ஆடலாம். லெம்மிடம் ஒரு தனி விஷயம் இருந்தது. வெளியே வீசுவதற்கு ஒரு தாளம் முன்னால் அவன் சற்றுத் தாமதிப்பான். அந்தத் தாமதத்தில், அவள் விரல்களின் மேல் அவன் கட்டைவிரல் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டும். யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகுதான் வீசுவான்.

அந்த இரண்டு தட்டை வெர்னீஸ் ஆர்டீலியாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் குறைந்துவிடும் என்று பயம். வெள்ளிக்கிழமை இஸ்திரி போடும்போது அதை நினைத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை வாத்துக் கறியை அடுப்பிலிருந்து எடுக்கும்போது நினைத்துக்கொள்வாள். 'நான் இருக்கேன்' என்று அது சொல்வதாக முதலில் தோன்றியது. ஒரு வருஷம் போனதும் அதற்கு அர்த்தம் இன்னும் பெரிதாகிவிட்டது. வாயைத் திறந்து அவன் ஒன்றும் சொன்னதில்லை. 'வா கெரோலினா', 'அசத்திட்ட கெரோலினா' தவிர வேறு பேச்சு அவர்களுக்குள் கிடையாது. வாய்தான் பொய் சொல்லும், கை பொய் சொல்லாது என்று அவள் தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

அவன் மற்றப் பெண்களோடும் ஆடினான்தான். வியாழக்கிழமைக் கூட்டம் ஆயிரத்துக்கு மேல். கையை விட்டு நகர்ந்தவன் நாலு எட்டில் மறைந்துவிடுவான். மறையாவிட்டாலும் அவள் பார்க்கமாட்டாள். அந்த நேரம் பார்த்து அவளுக்குத் தாகம் எடுக்கும், இல்லாவிட்டால் காலணி வாரைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். நமக்கு வேண்டாததைப் பார்க்காமல் இருக்க எத்தனை வழி இருக்கிறதோ அத்தனையும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்து தட்டுகளை எடுக்கும்போது விட்லாக் அம்மாள் சொன்னாள்: "வெர்னீஸ், இனிமே உன் லீவு செவ்வாய்க்கிழமை. எங்க சீட்டாட்டத்தை வியாழனுக்கு மாத்திட்டாங்க. இந்த வாரத்துலேர்ந்தே. எட்டுப் பேர் வர்றாங்க, கோழி சாலட் பண்ணிடு."

"சரிங்க அம்மா" என்றாள் வெர்னீஸ். எட்டு வருஷப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சமையலறைக்கு வந்து தட்டுகளைத் தொட்டியில் வைத்த பிறகுதான் வியாழன் போய்விட்டது என்பது புரிந்தது.

லெம்முக்கு எப்படிச் சொல்லியனுப்புவது? அவன் முழுப் பெயர் தெரியாது. வீடு தெரியாது. அவனுக்கு இவள் பெயரே தெரியாது. ஆர்டீலியாவிடம் சொல்லியனுப்பலாம், ஆனால் என்னவென்று? 'கெரோலினா இனிமேல் வரமாட்டாள்' என்றா? அதைக் கேட்டு அவன் முகம் எப்படிப் போகும்? பாத்திரங்களை இரண்டு தடவை கழுவினாள். அப்புறம் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

"அம்மா, இந்த ஒரு வியாழன் மட்டும் குடுங்க. அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க சொன்ன மாதிரி."

"எட்டுப் பேர் வர்றாங்கன்னு சொன்னேனே. வியாழக்கிழமைல உனக்கு அப்படி என்ன இருக்கு? ஜெபக் கூட்டம்தானே?"

ஜெபக் கூட்டம் என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் இவள்தான் சொல்லி வைத்திருந்தாள். நடனம் என்றால் எந்த அம்மாளும் முகத்தைச் சுளிப்பாள்.

"ஆமாங்க அம்மா."

"கர்த்தர் செவ்வாய்க்கிழமையும் இருப்பாரும்மா" என்று விட்லாக் அம்மாள் சிரித்தாள். நல்ல சிரிப்புத்தான்; கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.

"இவரு வியாழக்கிழமைதான் வருவாருங்க" என்றாள் வெர்னீஸ். தான் பேசுவதைத் தானே கேட்டுத் திகைத்தாள். "வியாழன் இல்லேன்னா நான் இங்க இருக்க முடியாதுங்க அம்மா."

விட்லாக் அம்மாளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் வந்தது. "எட்டு வருஷமா உன்னைக் குடும்பத்துல ஒருத்தி மாதிரி வெச்சிருக்கேன், வெர்னீஸ்" என்றாள். குடும்பத்தில் வேறு யார் பின்வாசல் வழியாகப் போய்வந்தார்கள் என்று வெர்னீஸுக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. சாயங்காலம் அந்த அம்மாள் வேலைக்கு ஆள் அனுப்பும் இடத்துக்குத் தொலைபேசியில் பேசியது சமையலறை வரை கேட்டது. "ஆமா, வியாழக்கிழமை பிரச்சினை இல்லாத ஆளா பாத்து அனுப்புங்க."

செவ்வாய்க்கிழமை காலையிலேயே வெர்னீஸ் பெட்டியோடு ஹார்லெமுக்கு வந்து இறங்கிவிட்டாள். பயம் இருந்தது. ஆனால் பயத்துக்கு மேலே ஒரு சந்தோஷமும் இருந்தது; வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆளுக்காக ஒன்றை விட்டிருக்கிறோம் என்கிற பெருமிதம். வியாழன் அவனிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். மண்டபத்து மரியாதை கிடக்கட்டும். 'உனக்காகத்தான் வந்தேன்' என்று நேராகவே சொல்லிவிடுவது.

நூற்றுமுப்பத்தெட்டாம் தெருவில் ஒரு அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். வீட்டுக்காரி சட்டங்களை ஒப்பித்துவிட்டுச் சாவியைப் படுக்கையின் மேல் வைத்துவிட்டுப் போனாள். வெர்னீஸ் பெட்டியைத் திறந்தாள், மூடினாள். வியாழனுக்கான நீல உடையை இரண்டு நாள் முன்னதாகவே இஸ்திரி போட்டாள். யாரையாவது போய்ப் பார்க்கலாம் என்று யோசித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. ஹார்லெமில் அவளுக்குத் தெரிந்த ஒவ்வொருத்தியும் இந்த நேரத்தில் எங்கோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள். தன் ஊர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த ஊர் வியாழன் இல்லாத நாளில் அவளை யாரென்றே கேட்காது.

அறையில் இருப்புக் கொள்ளவில்லை. உடுத்த வேறு நல்ல துணியும் இல்லை. நீல உடையையே போட்டுக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் மண்டபத்துப் பக்கம் நடந்தாள். பூட்டிய கதவையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று.

கதவு பூட்டியிருக்கவில்லை. விளக்கெல்லாம் எரிந்தது. மாடியிலிருந்து சாக்சபோன் சத்தம் படியிறங்கி வந்தது.

"இன்னைக்குமா திறந்திருக்கு?" என்று சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் கேட்டாள்.

அந்தப் பெண் மேலும் கீழும் பார்த்தாள். "திங்கக்கிழமை தவிர எல்லா நாளும் திறந்துதான் இருக்கு. நீங்க வியாழக்கிழமைக்காரியா?"

"ஆமா."

"அதானே பாத்தேன். உங்களுக்கெல்லாம் நாங்க வாரத்துல ஒருநாள்தான் உயிரோட இருக்கோம்னு நெனப்பு. இன்னைக்குக் கட்டணம் உண்டும்மா."

கொடுத்துவிட்டு ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை மண்டபம் அவள் அறியாத மண்டபம். கூட்டம் இல்லை, இருநூறு பேர் இருந்தால் அதிகம். வந்திருந்தவர்கள் எல்லோரும் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள். தரையின் பாதி காலியாகப் பளபளத்தது. இரண்டு மூன்று ஜோடி நடுவில் ஆட, மற்றவர்கள் சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். வெர்னீஸ் ஒரு தூணோரம் போய் நின்றாள். நின்ற இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது.

நடுவில் லெம் ஆடிக்கொண்டிருந்தான்.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. இன்னும் இரண்டு நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு ஆள் எதிரிலேயே கிடைத்தால் வராதா? அவனோடு ஆடியவள் பச்சை உடை போட்ட, குண்டான, நடுவயதுப் பெண். லெம் அவளைச் சுற்றி இழுத்தான். ஒரு தாளம் தாமதித்தான். அந்தத் தாமதத்தில் அந்தப் பெண்ணின் முகம் வெர்னீஸின் பக்கம் திரும்பியது.

கண் பாதி மூடியிருந்தது. உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு, தனக்கு மட்டும் யாரோ ரகசியம் சொன்ன மாதிரி. ஆடும்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று வெர்னீஸ் ஒருபோதும் பார்த்ததில்லை. இப்போது பார்த்துவிட்டாள்.

திரும்பிப் போக நினைத்தாள். அன்றைக்குத் தாகம் எடுக்கவில்லை, காலணி வாரும் சரியாக இருந்தது. அங்கேயே நின்று பார்த்தாள். அடுத்த பாட்டுக்கு லெம் ஒரு இளம்பெண்ணோடு ஆடினான். அவள் முகத்திலும் அதே சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு சுற்றிலும் பார்த்தவன் இவளைக் கண்டுகொண்டான். முகமெல்லாம் பல்லாக வந்தான்.

"அட கெரோலினா! என்ன, நாள் தவறி வந்துட்ட? வா வா."

கை நீட்டினான். அவளும் கொடுத்தாள். டிரம்பெட் உச்சத்துக்குப் போனது. அவன் இழுத்துச் சுற்றினான், தாமதித்தான், கட்டைவிரல் இரண்டு தட்டுத் தட்டியது. அவள் வெளியே போய்த் திரும்பி வந்ததும் கேட்டுவிட்டாள்.

"அது என்னது?"

"எது?"

"வீசறதுக்கு முன்னாடி வெரல்ல ரெண்டு தட்டு தட்டுறியே."

"ஓ, அதுவா!" அவன் உற்சாகமாகச் சிரித்தான். இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருந்தது. "மிசிசிப்பில எங்க மாமன் கோவேறு கழுதை கட்டி உழுவாரு. திருப்புறதுக்கு முன்னாடி கயித்த ரெண்டு சுண்டு சுண்டணும்பாரு. இல்லேன்னா மிரண்டு அதுபாட்டுக்கு முன்னாடி பாஞ்சிரும். அதையே பழகிட்டேன். கோச்சுக்காத கெரோலினா, ஆனா என்னமா வேலை செய்யுது பாரு, ஒருத்திகூட தாளம் தப்பினதில்ல!"

"எல்லாருக்கும் தட்டுவியா?"

"எல்லாருக்கும்தான். ஏன், வலிச்சுதா?"

"இல்ல, வலிக்கல."

ஆட்டத்தை நிறுத்தவில்லை. நிறுத்தினால் காரணம் சொல்லவேண்டும். கால்கள் தாளத்தைப் பிடித்துக்கொண்டு போயின, மற்றதெல்லாம் எங்கோ நின்றுவிட்டது. இரண்டு வருஷம் ஒரு ஆள் தன்னிடம் பேசிக்கொண்டிருந்தான் என்று நம்பியிருந்தாள். அவன் மண்டபத்துப் பெண்களையெல்லாம் மாமன் கழுதையை ஓட்டுகிற மாதிரி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் மேல் கோபப்படவும் வழியில்லை. அவன் என்ன ஏமாற்றினான்? ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே. வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தைச் சொல்லி அழவும் மண்டபத்தில் ஆள் இல்லை.

பாட்டு மெதுவானதாக மாறியது. அவன் விடாமல் ஆடிக்கொண்டே கேட்டான்: "நிஜமாவே, இன்னைக்கு எப்படி வந்த? வியாழன்தானே உனக்கு?"

மண்டபத்தில் கேட்கக்கூடாத கேள்வி. ஆனால் அவன் குரலில் அக்கறை இருந்தது. அதனால் அவளும் சொன்னாள்.

"வேலைய விட்டுட்டேன். அந்த அம்மா என் லீவை மாத்திட்டாங்க."

"எந்தக் கெழமைக்கு மாத்துனாங்க?"

"செவ்வாய்க்கெழமைக்கு."

அவன் ஆடுவதை நிறுத்திவிட்டான். "செவ்வாய்க்கெழமைக்கா? அடிப் பாவி, செவ்வாய்க்கெழமை கெடைக்கலேன்னு அழுதுட்டிருக்காங்க இங்க ஆளுங்க! நான் செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் இங்கதான். தபால் ஆபீஸ்ல மூணு மணிக்கு விட்ருவாங்க. செவ்வாய்க்கெழமைன்னா கூட்டம் கெடையாது, கால் மிதி கெடையாது, ரெண்டு மடங்கு ஆடலாம். நீ பேசாம சரின்னிருக்கலாமே!"

அவள் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வியாழக்கெழமைல அப்படி என்ன இருக்குன்னு வேலைய விட்ட?" என்று கேட்டான். அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, நல்ல மனுஷன் ஒருவன் தெரிந்தவளுக்காக வருத்தப்படுகிற மாதிரி நின்றான்.

தயார்செய்து வைத்திருந்த பதில் இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. இரண்டே வார்த்தைதான்.

"ஆர்டீலியா இருக்கா. கூட்டுக்காரிங்க எல்லாரும் வியாழன்தான் வருவாங்க" என்றாள்.

"அது சரி. சிநேகிதிங்கன்னா விடமுடியாதுதான்" என்று ஒப்புக்கொண்டான். "புரூக்ளின்ல ஒரு துணி வெளுக்கிற எடத்துல ஆள் எடுக்குறாங்கன்னு எங்க ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. கேட்டுச் சொல்லட்டுமா? உன் பேரு என்ன?"

"வெர்னீஸ்."

"வெர்னீஸ்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "நல்ல பேரு. கேட்டு வெக்கிறேன்."

ஒரு மேடை ஓய்ந்து மறுமேடை பாட்டைப் பிடித்துக்கொண்டது. லெம் அவளை முழங்கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, எங்கிருந்து அழைத்துப்போனானோ அதே தூணருகே விட்டான். ஆடிய பெண்ணைத் தரை நடுவில் அம்போவென்று விட்டுப்போகிறவன் இல்லை அவன். அந்த விஷயத்தில் குறை சொல்லமுடியாது. தலை குனிந்து நன்றி சொன்னான். பச்சை உடைக்காரி தூரத்திலிருந்து கையசைத்துக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கெழமை வருவேல்ல?"

இல்லை என்று சொல்ல எத்தனையோ காரணம் இருந்தது. வேலை இல்லை, அறை வாடகை இருக்கிறது, மானம் என்று ஒன்று இருக்கிறது.

"வருவேன்" என்றாள் வெர்னீஸ்.

பேச்சுக்குச் சொன்னதில்லை. வரப்போகிறாள், எட்டு மணிக்கு முன்பே வந்து, இந்த நீல உடையிலேயே நின்று, அவன் கூப்பிட்டால் போவாள். எல்லோருக்கும் ஒரே மாதிரி தட்டுகிற கை என்று தெரிந்த பிறகும் அந்தக் கை தனக்கு வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. லெம் அதைப் பார்க்கவில்லை. அவன் பச்சை உடைக்காரியிடம் போய்ச் சேர்ந்திருந்தான்.